தோட்டப்புறத் தேர்தல் நிதி: யார் பெயரைக் காப்பது, யார் பெயரைச் சொல்வது

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் தேர்தல் நெருங்கும்போது வேட்பாளரின் நடவடிக்கை அறைக்குப் பணம் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. செம்பனைக் குலை வெட்டுபவர், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், ஒட்டுக்கடை நடத்துபவர், தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுபவர் ஆகியோர் தரும் பத்தும் இருபதும் ஒரு வழி. நகராண்மைக் கழகத்தின் குத்தகை வேலைகளை எடுப்பவர், நிலம் வாங்கி வீடு கட்டி விற்பவர், மணல் அள்ளும் உரிமத்துக்காகக் காத்திருப்பவர் ஆகியோர் உறையில் போட்டுக் கொண்டுவரும் ஆயிரங்கள் மற்றொரு வழி. இரண்டையும் ஒரே நோட்டில் ஒரே மாதிரி எழுதி, ஒன்று எல்லாவற்றையும் மூடிவைப்பது, அல்லது எல்லாவற்றையும் திறந்து காட்டுவது என்பதே நம் கமிட்டிகளின் வழக்கமாக இருக்கிறது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

கட்சிக் கிளைப் பொருளாளர்களுக்கும், வேட்பாளரின் தேர்தல் பணத்துக்கும் கணக்குக்கும் பொறுப்பான தேர்தல் முகவராக முதன்முறையாக ஆகிறவர்களுக்கும், "நம்ம பிள்ளை நிற்கிறான், ஏதாவது செய்வோம்" என்று ஒரு சுயேச்சை வேட்பாளரைச் சுற்றிக் கூடும் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். பணத்தைக் கையாளும்போது ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பெயர் வெளியே தெரிந்தால் தீங்கு யாருக்கு, தெரியாவிட்டால் தீங்கு யாருக்கு? கொடுத்தவருக்குத் தீங்கு வரும் என்றால் பெயரைக் காக்க வேண்டும். மறைப்பதால் வாக்காளருக்குத் தீங்கு வரும் என்றால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன என்பதை வெளியூரிலிருந்து பேச வருகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது; வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வேலைக்குப் பெயர் கொடுப்பது மண்டோர், சம்பளக் கணக்கை எழுதுவது கிராணி. ஒருவர் எந்த வேட்பாளருக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தார் என்று தெரிந்துவிட்டால், அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டிய அவசியமே இல்லை. மிகைநேர வேலைக்கு அவர் பெயரைக் கூப்பிடாமல் விட்டாலே போதும், குடும்பம் தடுமாறிவிடும். இதற்கு யாரும் எழுத்தில் உத்தரவு போடுவதில்லை என்பதால், புகார் கொடுக்கவும் வழியில்லை.

உலகில் இந்த அச்சம் நீதிமன்றம்வரை போன கதைகள் உண்டு. 1950-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி என்ற சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பட்டியல் வெளியே போனால் உறுப்பினர்களுக்கு வேலை போகும், மிரட்டல் வரும், அடியும் விழும் என்று சங்கம் வாதாடியது. பட்டியலைத் தர வேண்டியதில்லை என்று 1958-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிச் சங்கம் அமைக்கும் உரிமை காகிதத்தில் மட்டும் இருந்து, கூடியவர்களின் பெயர் முதலாளியின் மேசையில் கிடந்தால், அந்த உரிமையால் பயன் ஏதும் இல்லை.

மறுபக்கத்துக்கு இந்தியாவைப் பார்க்கலாம். 2018 முதல் அங்கே நடைமுறையில் இருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், நிறுவனங்களும் தனிநபர்களும் ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிகளிடம் கொடுத்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. தன் அரசியல் சார்பை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஒதுக்கிவிடவில்லை. அரசின் கொள்கையைத் தன் பக்கம் திருப்புவதற்காகக் கொடுக்கப்படும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றே சொன்னது. அடுத்த மாதம் விவரங்கள் வெளிவந்தபோது, மிக அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது ஒரு லாட்டரிச் சீட்டு நிறுவனம் என்று தெரியவந்தது. வாக்களிக்கும்முன் மக்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய செய்தி அது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி எழுந்த விதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2015-இல், அன்றைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குகளில் 260 கோடி ரிங்கிட் வந்திருந்த செய்தி வெளியானபோது, அது நன்கொடை என்று விளக்கம் தரப்பட்டது. அதே ஆண்டில் அரசியல் நிதி பற்றிய தேசிய ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டு, 2016-இல் 32 பரிந்துரைகளை முன்வைத்தது. பரிந்துரைகள் வந்து இத்தனை ஆண்டுகள் கடந்தும், கட்சிகளுக்குப் பெரும்பணம் கொடுப்பவர்களின் பெயரைக் கட்டாயமாக வெளியிட வைக்கும் தனிச் சட்டம் நம் கையில் இல்லை. அதனால்தான் ஒரு சிறு நகரக் கமிட்டி தன் விதியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் கேட்பது என்ன

முதலில் கையில் வைத்திருக்க வேண்டியது 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம். நாடாளுமன்றத் தொகுதிக்கு 200,000 ரிங்கிட், சட்டமன்றத் தொகுதிக்கு 100,000 ரிங்கிட் என வேட்பாளரின் செலவுக்கு அது உச்சவரம்பு விதிக்கிறது. இந்த வரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு அத்தகைய வரம்பு இல்லை. தேர்தல் முடிவு அரசாங்கப் பதிவேட்டில் வெளியானதிலிருந்து 31 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யத் தவறினால் கூட்டரசு அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதி போய்விடும்; வேட்பாளருக்கு மட்டுமல்ல, அவருடைய முகவருக்கும். தோற்ற வேட்பாளர்களின் முகவர்கள் களைத்துப்போய் இதைக் கைவிடுவதுண்டு. பின்னாளில் தாமே தேர்தலில் நிற்க விரும்பும் இளைஞர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கும்முன் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் செலவு மட்டும் இருந்தால் போதாது. தேர்தல் செலவுக்காக முகவரிடம் வந்த பணம், வருவதாக வாக்களிக்கப்பட்ட பணம், அவற்றைக் கொடுத்தவர்களின் பெயர் ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். தாக்கலான கணக்கு பொதுமக்கள் பார்வையிடக்கூடிய ஆவணம். பெரும்பாலான கமிட்டிகள் இதைக் கவனிக்காமல், "உங்கள் பெயர் வெளியே வரவே வராது" என்று நல்லெண்ணத்தோடு வாக்குக் கொடுத்துவிடுகின்றன. காப்பாற்ற முடியாத வாக்கு அது.

மற்றொரு பிரிவும் முக்கியமானது. தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு, ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகப் பொதுக்கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை போன்றவற்றுக்குச் செலவு செய்யும் உரிமை வேட்பாளருக்கும், முகவருக்கும், முகவர் எழுத்தில் அனுமதி கொடுத்தவருக்கும் மட்டுமே உண்டு. நண்பர்கள் தாங்களாகவே பேனர் அடித்துக் கட்டுவது பாசத்தால் செய்யும் வேலையாக இருக்கலாம். சட்டத்தின் முன் அது முறைகேடு. ஆகவே கடிதம் எழுதி வாங்கிக்கொண்டே எதையும் செய்ய வேண்டும். துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதை அச்சகத்தாரே பெரும்பாலும் நினைவூட்டிவிடுவார்.

பணம் வாங்கும்முன் செய்ய வேண்டியவை

வேட்புமனுத் தாக்கலுக்கு வெகுநாள் முன்பே மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு விதி எழுதுங்கள். மூவரில் ஒருவராவது வேட்பாளருக்கு உறவினர் அல்லாதவராகவும், கணக்கு எழுதிப் பழகியவராகவும் இருக்க வேண்டும். கூட்டுறவுக் கழகத்திலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ பொருளாளராக இருந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். தேர்தல் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி செய்யுங்கள். வேட்பாளரின் சொந்தக் கணக்கு எண்ணையோ, அவருடைய கைப்பேசியில் பணம் பெறும் டூயிட்நவ் கியூஆர் குறியையோ சுவரொட்டியில் போடக் கூடாது. அதில் விழும் பணத்தில் எது வீட்டுச் செலவுக்கு வந்தது, எது தேர்தலுக்கு வந்தது என்று பின்னால் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

கோயில் பணத்தைத் தொடவே கூடாது. தேர்தல் காலத்தில் கோயில் கமிட்டி தலைவரும் கட்சிக் கிளைத் தலைவரும் ஒருவராகவே இருப்பது தோட்டப்புறங்களில் சாதாரணம். அதனாலேயே, திருவிழாவுக்கு வசூலித்த பணத்திலிருந்து "இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன்" என்று எடுக்கும் பழக்கமும் உருவாகிறது. பக்தர்கள் சாமிக்குக் கொடுத்தது சாமிக்கே. வீடு வீடாகச் சென்று வசூலிக்க நினைத்தால், அத்தகைய வசூலுக்கென்று 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் திரட்டத் தொடங்குவதற்கு முன்பே, வேட்பாளர் பேசப்போகும் விஷயங்களை எழுதி வெளியிட்டுவிட வேண்டும். தோட்ட வீடுகளுக்கு மாற்று வீடு, தமிழ்ப்பள்ளிக் கட்டடம், தண்ணீர், பேருந்து, மருத்துவமனை என்று பட்டியல் எதுவாகவும் இருக்கலாம். பணம் வந்த பிறகு பட்டியலிலிருந்து ஒரு விஷயம் காணாமல் போனால், ஊரே அதைக் கவனிக்கும். பணத்தால் பேச்சுச் சுதந்திரம் பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்: யாரும் வாயைப் பொத்துவதில்லை; செராமா எனும் பிரசாரக் கூட்டத்தில் ஒரு தலைப்பு மட்டும் பேசப்படாமல் போகிறது. தோட்டத்து நிலத்தை மேம்பாட்டுக்கு விற்கும் நிறுவனம் கொடுத்த பணத்தில் மேடை போட்டவர், அந்த நிலத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்களின் வீட்டுக்காக எப்படிக் குரல் கொடுப்பார்?

பெயர் எழுதும் முறை

நம்மிடம் மொய் எழுதும் பழக்கமும் உண்டு, உண்டியலில் போடும் பழக்கமும் உண்டு. மொய்யில் பெயரும் தொகையும் எல்லார் காதிலும் விழ வாசிக்கப்படும். உண்டியலில் யார் போட்டது, எவ்வளவு போட்டது என்று யாரும் கேட்பதில்லை. தேர்தல் நிதிக்கு இரண்டில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெயர் தெரியாத பணத்துக்குக் கணக்கு காட்ட முடியாது என்பதால் உண்டியல் வேண்டாம். பெயரை மேடையில் வாசிப்பதும் வேண்டாம். பத்து ரிங்கிட் கொடுக்க முடியாதவர் அங்கே கூனிக் குறுகி நிற்பார், கொடுத்தவர் மறுநாள் வேலைக்காட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே நிதியை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று கிளை நிதி: உறுப்பினர் சந்தாவும், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வரும் ஆதரவுப் பணமும் இதில் சேரும். இந்தக் கணக்கு கட்சியின் ஆண்டுக் கணக்கோடு சங்கப் பதிவிலாகாவுக்குப் போகும். மற்றொன்று வேட்பாளரின் தேர்தல் நிதி: இதில் வரும் ஒவ்வொரு ரிங்கிட்டும் கொடுத்தவரின் பெயரோடு முகவரின் கணக்கில் ஏறும். பெயர் வெளியே தெரிவதை விரும்பாத எளியவர், தேர்தல் சூடு பிடிக்கும்முன் கிளைக்குச் சந்தாவாகக் கொடுப்பதே அவருக்குப் பாதுகாப்பு. கிளையிலிருந்து வேட்பாளருக்குப் பணம் போனால், கொடுத்தவர் என்ற இடத்தில் கிளையின் பெயரை எழுத வேண்டும்.

இந்த வழியைப் பெரிய கைகள் கண்டுபிடித்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கிளை நிதிக்கு ஒருவர் ஆண்டுக்கு 200 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தால் அவர் பெயரை வெளியிடுவோம் என்று விதியில் எழுதிவிடுங்கள். ஒருவர் தன் பணத்தைப் பத்துத் தொழிலாளர்களின் பெயரில் பிரித்துக் கட்டுவதையும், பத்துப் பேரின் பணத்தை ஒருவர் பெயரில் எழுதுவதையும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். முன்னது பெரியவரை மறைக்கிறது, பின்னது சின்னவரை மறைக்கிறது. நோக்கம் எதுவானாலும், இரண்டும் பொய்க் கணக்கு. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுபவர் முகவர்.

ஓய்வுபெற்ற ஓர் அம்மா நடவடிக்கை அறைக்கு வந்து, முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரிங்கிட் நோட்டை எடுத்து மேசையில் வைத்து, "எம் பேர எழுதாதீங்க தம்பி, மவன் இன்னும் அந்தத் தோட்டத்துலதான் வேல செய்யிறான்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைச் சட்டென வாங்கிப் பெட்டியில் போட்டுவிட மனம் வரும். அப்படிச் செய்யாமல், அவரை உட்காரவைத்து உண்மையைச் சொல்ல வேண்டும்: "அம்மா, இந்தப் பணம் வேட்பாளர் கணக்குக்குப் போனா உங்க பேரயும் எழுதணும், அத யார் வேணும்னாலும் பார்க்கலாம். தேர்தல் முடிஞ்ச பிறகு கிளைக்குச் சந்தாவா கொடுங்க. இப்போதைக்கு, ஓட்டுப் போட வாங்க, அது போதும்." அவர் வாக்கு இரகசியமானது, எவர் கணக்கிலும் ஏறாது. கொடுக்க வந்த கையைத் திருப்பி அனுப்புகிறோமே என்று வருந்த வேண்டாம். அவர் வீட்டைக் காப்பதும் நம் பொறுப்புதான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் மற்ற அரசு ஊழியர்களும் அரசியலில் ஈடுபடுவதற்கு அவர்களின் நடத்தை விதிகளில் கட்டுப்பாடுகள் உண்டு. பணியின் தரத்துக்கு ஏற்ப அவை மாறும் என்பதால், அவர்களிடம் பணம் கேட்டு நாமாகப் போகாமல் இருப்பதே நல்லது. தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களிடமும் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்கும் தனி அரசியல் நிதிச் சட்டம் நம்மிடம் இல்லாவிட்டாலும், இந்த மண்ணின் தேர்தலுக்கு இந்த மண்ணின் குடிமக்கள்தான் பணம் தர வேண்டும்.

யார் பெயரை வெளியிடுவது? இந்தியாவில் கட்சிகள் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டரசுத் தேர்தலுக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர் வெளியாகும். வேட்பாளரின் தேர்தல் நிதிக்கு நம் ஊரில் 500 ரிங்கிட் பொருத்தமான எல்லை என்று நினைக்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும்போது, தோட்டத்தில் உழைக்கும் ஒருவரால் ஒரு தேர்தலுக்கு 500 ரிங்கிட் எடுத்துக் கொடுக்க முடியாது. கொடுக்க முடிகிறவர், பெயர் தெரிந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய நிலையில் இருப்பவர். ஆனால் நகராண்மைக் கழகத்திலோ, நில அலுவலகத்திலோ, மாநில அரசிலோ குத்தகை, உரிமம், நிலமாற்றம் என ஏதேனும் ஒரு விண்ணப்பத்தை நிலுவையில் வைத்திருப்பவருக்கு இந்த எல்லை கிடையாது. அவர் ஐம்பது ரிங்கிட் கொடுத்தாலும் பெயரையும் தொழிலையும் வெளியிட வேண்டும். வாக்களிப்பு நாளுக்கு ஐந்து நாள் முன்பாவது வெளியிட வேண்டும். வாக்களித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

வெளியிடும் பட்டியலில் பெயர், தொழில், தொகை, தேதி ஆகியவை போதும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவை கமிட்டியின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். நிதி நோட்டின் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை ஆரம்பத்திலேயே தடை செய்துவிடுங்கள். "பாருங்கள், எவ்வளவு ஆதரவு" என்று பெருமையோடு அனுப்பப்படும் ஒரு படம் அரை மணி நேரத்தில் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ரசீது கொடுக்காமல் எதையும் வாங்கக் கூடாது. தொழிலாளர்களின் சிறுதொகையைக் கணக்கோடு திரட்டிப் பெரிய காரியம் செய்த வரலாறு இந்த மண்ணிலேயே இருக்கிறது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கி, நூறு வெள்ளிப் பங்குகளாக்கினார். சிறிய காசு என்று ரசீதை அலட்சியம் செய்தால், கொடுத்தவரையே அலட்சியம் செய்வதாகும். ரசீதின் பின்பக்கத்தில் இந்த வாசகத்தை அச்சிடலாம்:

"இப்பணம் வேட்பாளரின் தேர்தல் செலவுக்கு மட்டும் பயன்படுத்தப்படும். சட்டப்படி தாக்கல் செய்யப்படும் கணக்கில் தங்கள் பெயர் இடம்பெறும். 500 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நன்கொடைகளை நாங்களே முன்கூட்டி வெளியிடுகிறோம். இப்பணத்துக்குக் கைம்மாறாக எந்த வேலையும், உரிமமும், பரிந்துரைக் கடிதமும் தரப்படாது. இதற்கு வருமான வரிக் கழிவு கிடையாது."

உறையோடு வருபவரிடம் பேசுவது

கடினமான இடம் இது. இரவு பத்து மணிக்குமேல், செராமா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, ஊரில் எல்லாரும் "அண்ணே" என்று கூப்பிடும் ஒரு குத்தகைக்காரர் வருவார். சீனப் பெருநாள் அங்பாவ் போல ஓர் உறையை நீட்டி, "செலவுக்கு வெச்சுக்க தம்பி, பேரெல்லாம் வேணாம், நாளைக்கு நம்ம ரோட்டு வேல விஷயமா மட்டும் கொஞ்சம் பார்க்கச் சொல்லு" என்பார். தேர்தல் செலவு கழுத்தை நெரிக்கும் நேரத்தில், மேடைக்காரருக்குப் பாக்கி இருக்கும்போது, அந்த உறையை மறுப்பது எளிதல்ல. ஆனாலும் உறையைக் கையில் வாங்கிவிட்டு யோசிக்கலாம் என்று எண்ணக் கூடாது; வாங்கிய கணமே நீங்கள் அந்தப் பேரத்தில் ஒரு பங்காளி. "அண்ணே, மன்னிச்சுக்கணும். ரோட்டு வேலயப் பத்திப் பேசின பிறகு இத நான் வாங்க முடியாது. ஆதரவா மட்டும் கொடுக்கணும்னா, நாளைக்குப் பகல்ல பேங்குல கட்டுங்க, உங்க பேரயும் தொழிலயும் போடுவோம்" என்று மரியாதை குறையாமல் சொல்லி, பக்கத்தில் இன்னொருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அன்றிரவே நிகழ்ந்ததைத் தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள். கைம்மாறு கேட்டுக் கொடுக்கப்படும் பணம் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும் என்பதால், தொகை பெரிதென்றால் ஆணையத்திடம் தெரிவிப்பதே சரி.

பணம் எதிர்த்திசையில், வேட்பாளர் பக்கத்திலிருந்து வாக்காளருக்குப் போவதிலும் இதே கண்டிப்பு வேண்டும். 2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் முடிவை, ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் காரணம் காட்டித் தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ரத்து செய்தது. 2019 ஜனவரி 26 அன்று மறுதேர்தல் நடந்தது. தொண்டர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குவது செலவுக் கணக்கு; வாக்குக் கேட்டுப் போகும் வீட்டில் அரிசி மூட்டை இறக்குவது குற்றம்.

பேச்சைக் காப்பது

பணம் செலவு செய்வதும் பேச்சின் ஒரு வடிவமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இல் முடிவு செய்து, வேட்பாளர்களின் செலவுக்கான உச்சவரம்பை நீக்கியது. 2010-இல் நிறுவனங்களும் தனித்துச் செலவு செய்யலாம் என்றது. நம் நாடு அந்த வழியில் போகவில்லை. அது நல்லதுதான் என்று நான் நம்புகிறேன். ஒரு சிறு நகரத்தில் மூன்று முச்சந்திகளும் ஒரு சந்தையும்தான் இருக்கின்றன. அங்கே கட்டும் பேனர்களுக்கு வரம்பே இல்லையென்றால், வாடகை ஒலிபெருக்கியோடு பேச வருபவரின் குரல் யாருக்குக் கேட்கும்? எனினும் பணத்துக்கு விதிக்கும் கட்டுப்பாடு பேச்சுக்கே விதிக்கும் கட்டுப்பாடாக மாறிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்குத் தரும் பேச்சுரிமை, எந்தக் கட்சியிலும் இல்லாதவருக்கும் உண்டு. தோட்டத்து மக்கள் தங்கள் வீட்டுப் பிரச்சினையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினால், அது எந்த வேட்பாளரின் கணக்கிலும் சேர வேண்டியதில்லை. ஒரு வேட்பாளரை ஆதரித்து மேடை, ஒலிபெருக்கி, அச்சு என்று செலவு செய்யத் தொடங்கும்போதுதான் முகவரின் எழுத்து அனுமதி தேவைப்படுகிறது.

எதிர்த்தரப்புக்குப் பணம் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். பெருந்தொகை கொடுத்த நிறுவனத்தின் பெயரை, ஆதாரம் கையில் இருந்தால், மேடையில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆதாரம் இல்லாமல் சொன்னால் அவதூறு வழக்கு வரும். இணையத்தில் எழுதினால் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இருக்கிறது. இனங்களுக்கிடையே பகை மூட்டும்படி பேசினால் தேர்தல் குற்றச் சட்டத்தின் 4ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் எதிர்க்கட்சிக்காரரின் கூட்டத்துக்குப் போன ஒட்டுக்கடைக்காரரின் பெயரைப் போட்டு, "இவர் கடையில் வாங்காதீர்கள்" என்று பரப்புவதை எந்தச் சட்டமும் தடுக்காவிட்டாலும் நாம் செய்யக் கூடாது. நம் ஆட்களுக்கு என்ன பாதுகாப்பு கேட்கிறோமோ, அதையே அவர்களின் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும். தொண்டர்களிடம் இதை வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், விதித்தாளிலும் எழுதிவையுங்கள்.

வாக்களிப்பு முடிந்த பிறகு

பில்களையும் ரசீதுகளையும் தேதி வரிசையில் ஒட்டி, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, முதல் பத்து நாட்களிலேயே கணக்கை முடித்துவிடுங்கள். 31-ஆவது நாள்வரை காத்திருந்தால், மேடைக்காரர் பில் தராமல் ஊருக்குப் போயிருப்பார். தாக்கல் செய்த கணக்கின் நகலை, கேட்பவர் எவரானாலும் பார்க்கும்படி கிளை அலுவலகத்தில் வையுங்கள். கணக்குக்குத் தேவையில்லாத கைப்பேசி எண்கள், வீடு வீடாகச் சென்றபோது எழுதிய "இவர் நம் பக்கம், இவர் அந்தப் பக்கம்" என்ற குறிப்புகள், தொண்டர்களின் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றை அழித்துவிட வேண்டும். அந்தக் குறிப்புத்தாள்கள் நன்கொடைப் பட்டியலைவிட ஆபத்தானவை. லயம் வாரியாக, வீட்டு எண் வாரியாக மக்களின் மனச்சாய்வு அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அவர்களில் பலர் பணமே கொடுக்காதவர்கள், வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசியவர்கள் மட்டுமே.

மிச்சப் பணம் இருந்தால், அதை என்ன செய்வது என்று முன்பே விதியில் எழுதியிருக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கே விகிதப்படி திருப்பித் தருவது மிக நேர்மையான வழி. தொகை மிகச் சிறியதாக இருந்து அது நடக்காதென்றால், கிளை நிதிக்கு மாற்றி, மாற்றிய தொகையைக் கொடுத்தவர்களுக்குத் தெரிவியுங்கள். வென்ற வேட்பாளரிடம் அதை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். தேர்தல் முடிந்த மறுவாரமே "வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டு வரும் புதிய உறைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, வங்கிக் கணக்கை மூடி, மூடியதற்கான வங்கிக் கடிதத்தைக் கணக்கு நகலோடு இணைத்து வையுங்கள்.